குழாய் வாங்கியது ஒரு விதித்தொகுப்புக்கு, வடிவமைப்பு இன்னொன்றுக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

குழாய் கிடங்கில் கிடக்கிறது. அமெரிக்க ஆலைக் குழாய் வடிவமைப்பு விதியான ஏஎஸ்எம்இ பி31.3-க்காக வாங்கியது. இப்போது அதே குழாய் ஐரோப்பிய விதியான இஎன் 13480-படி வடிவமைக்கும் ஆலைக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அல்லது இதற்கு நேர்மாறாக, ஐரோப்பாவில் கட்டிய ஸ்கிட் (சட்டத்தில் பொருத்திய கருவித் தொகுதி) ஒன்று வந்து இறங்குகிறது; அதை பி31.3 லைனோடு சேர்க்க வேண்டும். எது நடந்தாலும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இந்த கிரேடுக்கு (எஃகு வகைக்கு) அங்கே இணை எது?" பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தொடங்குகிறது. ஒரு விதித்தொகுப்புக்குள் வேதியியல் வரம்பு, அனுமதித்த தகைவு (பரப்பலகுக்குப் பொருள் தாங்கலாம் என்று விதி ஒப்பும் விசை), தாக்குச் சோதனை, வெல்டிங், அழுத்தச் சோதனை எல்லாம் ஒன்றை நம்பி ஒன்று எழுதப்பட்டவை. கிரேடின் பெயரை மட்டும் எடுத்து அடுத்த தொகுப்பில் வைத்தால் மற்றவை கூடவே வந்துவிடாது.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை: மில், அதாவது குழாயைச் செய்த ஆலை, தந்த சோதனைச் சான்றிதழ் (நகலின் நகல் வேண்டாம்), இரண்டு பொருள் விவரக்குறிப்புகள், லைன் பட்டியல். லைன் பட்டியலில் வடிவமைப்பு அழுத்தம், மேல் வெப்பநிலை, கீழ் வெப்பநிலை மூன்றும் இருக்க வேண்டும். கீழ் வெப்பநிலையை நிரப்பாமல் விட்ட பட்டியல்களைத்தான் அதிகம் பார்க்கலாம். அது இல்லாமல் பொருளை மதிப்பிட உட்காராதீர்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்து வைப்பது நல்லது. பி31.3, இஎன் 13480 எல்லாம் வடிவமைப்பு விதிகள். ஐரோப்பிய அழுத்தக் கருவி ஆணை 2014/68/இயு என்பது சட்டம். சரிபார்ப்பாளர் எதை மேற்கோள் காட்டி மறுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், எந்த அடுக்கில் அடைப்பு இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

இணை கிரேட் அட்டவணையில் பெயர் இருக்கிறது, ஆனாலும் பொருளை மறுக்கிறார்கள்

துருப்பிடிக்காத எஃகில்தான் இது அடிக்கடி வரும். எந்த அட்டவணையை எடுத்தாலும் 316எல் என்பதற்கு எதிரே 1.4404 என்று போட்டிருப்பார்கள். இப்போது இரண்டு விவரக்குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்கப் பொருள் தரமான ஏஎஸ்டிஎம் ஏ312-இல் வரும் டிபி316எல்: கார்பன் 0.035 வரை, குரோமியம் 16 முதல் 18, மாலிப்டினம் 2 முதல் 3, கந்தகம் 0.030 வரை. இஎன் 10216-5-இல் வரும் 1.4404: கார்பன் 0.030 வரை, குரோமியம் 16.5 முதல் 18.5, மாலிப்டினம் 2 முதல் 2.5, கந்தகம் 0.015 வரை. ஒரு ஹீட்டில் (ஒரே உருக்கில் வந்த எஃகுத் தொகுதியில்) குரோமியம் 16.2 என்று வந்திருந்தால் அது முழுத் தகுதியுள்ள 316எல். ஆனால் 1.4404 அல்ல.

செய்ய வேண்டியது இதுதான். சான்றிதழில் உள்ள ஹீட் எண்ணுக்குரிய உண்மையான அளவுகளை, போக வேண்டிய விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரியோடும் ஒப்பிடுங்கள். வேதியியல், யீல்டு (எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு), இழுவலிமை, நீட்சி, வெப்பச் சிகிச்சை, அழிக்காச் சோதனை, நீர்க்கசிவுச் சோதனை என்று வரிசையாகப் போக வேண்டும். எல்லாம் பொருந்தினால், இரண்டு விவரக்குறிப்புகளையும் குறிப்பிட்ட இரட்டைச் சான்றிதழை மில்லிடம் கேளுங்கள். அதைத் தரும் தகுதி பொருளை உற்பத்தி செய்தவருக்கு மட்டுமே உண்டு. இடையில் உள்ள ஸ்டாக்கிஸ்ட் தன் லெட்டர்ஹெட்டில் "இதற்கும் பொருந்தும்" என்று எழுதித் தந்தால் அதற்கு மதிப்பில்லை.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை என்றால் உடனே கைவிட வேண்டாம். மாலிப்டினம் 2.6 என்று இருக்கிறது, மற்றவை சரி என்றால், அந்த ஹீட் 1.4432-இன் வரம்புக்குள் விழலாம்; அங்கே மாலிப்டினம் 2.5 முதல் 3 வரை. எண்ணைப் பார்த்து கிரேடைத் தேடுங்கள். பெயரைப் பார்த்துத் தேடினால் அட்டவணை காட்டும் ஒரே கதவோடு நின்றுவிடுவீர்கள்.

நீட்சியில் ஒரு பொறி உண்டு. ஏஎஸ்டிஎம் சான்றிதழில் நீட்சி பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் அளவு நீளத்தில் எடுத்தது. இஎன் கேட்பது குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்து மாறும் அளவு நீளத்தில், அதாவது பரப்பின் வர்க்கமூலத்தைப் போல 5.65 மடங்கில் எடுத்தது. இரண்டு விழுக்காடுகளையும் நேராக ஒப்பிடக் கூடாது. கார்பன் எஃகுக்கும் குறை உலோகக்கலவை எஃகுக்கும் ஐஎஸ்ஓ 2566-1, 316எல் போன்ற ஆஸ்டனிட்டிக் எஃகுக்கு ஐஎஸ்ஓ 2566-2. மாற்றும் முறை அவற்றில் இருக்கிறது.

கணக்கீட்டு மென்பொருளில் பொருள் இல்லை. அனுமதித்த தகைவாக எதை இடுவது?

அதிகம் சேதம் செய்யும் பிழை இங்கேதான் நடக்கிறது. மென்பொருளின் பட்டியலில் பி265ஜிஎச் என்ற ஐரோப்பியக் கார்பன் எஃகு இல்லை. ஐரோப்பியக் கணக்கில் போட்ட தகைவு கையில் இருக்கிறது. அதையே பி31.3 கணக்கில் தட்டிவிடுகிறார்கள். விடை வருகிறது, சுவர் மெல்லியதாக வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

எண்களைப் பாருங்கள். இஎன் 10216-2-இன்படி பி265ஜிஎச்-இன் குறைந்தபட்ச யீல்டு 265 மெகாபாஸ்கல் (16 மில்லிமீட்டர் தடிமன் வரை), இழுவலிமை 410. ஆஸ்டனிட்டிக் அல்லாத எஃகுக்கு இஎன் 13480-3 எடுப்பது யீல்டை 1.5-ஆல் வகுத்தது, இழுவலிமையை 2.4-ஆல் வகுத்தது ஆகிய இரண்டில் சிறியதை. அதாவது 176.7, 170.8, எனவே அறை வெப்பநிலையில் 170.8. பி31.3-இல் பத்தி 302.3.2 சொல்வது இழுவலிமையில் மூன்றில் ஒன்று, யீல்டில் மூன்றில் இரண்டு. அதாவது 136.7, 176.7, எனவே 136.7. ஒரே எஃகு, ஒரே சான்றிதழ், ஆனால் ஒன்றின் தகைவு மற்றதைவிட 25 விழுக்காடு அதிகம்.

219.1 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள தையலில்லாக் குழாய், 40 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அரிமான ஈடும் தடிமன் சகிப்பும் சேர்க்காமல், இஎன் சூத்திரம் சுமார் 2.54 மில்லிமீட்டர் தரும், பி31.3 சுமார் 3.17 தரும். இதில் எது "சரி" என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. இஎன் பக்கம் தகைவை உயர்த்திக்கொண்டு அதற்கு ஈடாகப் பொருளிடமும் சோதனையிடமும் சிலவற்றைக் கூடுதலாகக் கேட்கிறது. உயர்ந்த தகைவை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்விகளை விட்டுவிடுவதுதான் தவறு.

சரி, பட்டியலில் இல்லாத பொருளை பி31.3 ஏற்குமா? ஏற்கும். பத்தி 323.1.2 அதற்காகவே இருக்கிறது. பொருளுக்கு வெளியிடப்பட்ட ஒரு விவரக்குறிப்பு இருக்க வேண்டும். அது வேதியியல், இயந்திரப் பண்புகள், தயாரிப்பு முறை, வெப்பச் சிகிச்சை, தரக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அனுமதித்த தகைவை பி31.3-இன் சொந்த அடிப்படையிலோ அதைவிடக் கட்டுப்பாடான அடிப்படையிலோ கணக்கிட வேண்டும். அப்புறம் 323.2.3 சொல்வதுபோல், கீழ் வெப்பநிலையிலிருந்து மேல் வெப்பநிலை வரை முழு வீச்சுக்கும் பொருளைத் தகுதிப்படுத்த வேண்டும்.

இதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, நேர்மையான குறுக்கு வழி. ஏஎஸ்எம்இ கொதிகலன் தொகுப்பின் இரண்டாம் பிரிவு சில இஎன் விவரக்குறிப்புகளை எஸ்ஏ/இஎன் என்ற பெயரில் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது. 10028-2, 10216-2 போன்றவை. உங்கள் கிரேட் அங்கே இருந்தால், எட்டாம் பிரிவின் முதல் பகுதிக்கான தகைவு அச்சிலேயே கிடைத்துவிடும். அது இழுவலிமையை 3.5-ஆல் வகுத்தது, பி31.3 அடிப்படையைவிடக் கட்டுப்பாடானது. எனவே அதை எடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சுவர் கொஞ்சம் தடிப்பாகும், அவ்வளவுதான். கையில் இருக்கும் குழாயின் தடிமன் அதற்குப் போதுமென்றால் நானாக இருந்தால் அந்த வழியில்தான் போவேன்.

ஒரே குடும்பத்துக்குள்ளும் இந்தப் பிழை வரும் என்பதை மறக்க வேண்டாம். ஏ106 கிரேட் பி என்ற அமெரிக்கக் கார்பன் எஃகுக் குழாய்க்கு அறை வெப்பநிலையில் பி31.3 தருவது 138 மெகாபாஸ்கல், பி31.1 தருவது 118. இரண்டும் ஏஎஸ்எம்இ, இரண்டும் பி31. மின்நிலையக் குழாயைக் கணக்கிட வேதியாலைக் கோப்பிலிருந்து தகைவை நகலெடுத்தால் பாதுகாப்பில் ஒரு துண்டு சத்தமில்லாமல் போய்விடும்.

துருப்பிடிக்காத எஃகில் இன்னொரு முடிச்சு: இஎன் 13480 ஆஸ்டனிட்டிக் எஃகுக்கு 1.0 விழுக்காடு நிரந்தர நீட்சிக்கான தகைவை அடிப்படையாக வைக்கிறது. ஏஎஸ்டிஎம் 0.2 விழுக்காட்டை மட்டுமே கேட்கிறது. அதனால் ஏ312 சான்றிதழில் அந்த எண்ணே இருக்காது. மில்லிடம் கேளுங்கள், இழுவைச் சோதனை வரைபடத்தைச் சேமித்து வைத்திருந்தால் அதிலிருந்தே படித்துத் தர முடியும். இல்லையென்றால் மீதத் துண்டில் மறுசோதனை. உயர் வெப்பநிலையிலும் இதே கதை: இஎன் 10216-2 ஒவ்வொரு வெப்பநிலைக்கும் உறுதியளித்த குறைந்தபட்ச யீல்டைத் தருகிறது, ஏ106 தருவதில்லை. ஏஎஸ்எம்இ இரண்டாம் பிரிவில் உள்ள உயர் வெப்பநிலை யீல்டு அட்டவணை வடிவமைப்புக்கான மதிப்புகள், மில் உறுதியளித்தவை அல்ல. ஐரோப்பியச் சரிபார்ப்பாளர் அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொள்வதில் நியாயமும் இருக்கிறது.

தவழ்ச்சி வெப்பநிலைக்குள், அதாவது நிலையான சுமையிலும் எஃகு மெல்ல நீளும் வெப்பத்துக்குள் போனால், ஆச்சரியமாக, ஓரிடத்தில் இருவரும் சந்திக்கிறார்கள். 1,00,000 மணி நேரத்தில் முறியும் சராசரித் தகைவில் பி31.3 எடுப்பது 67 விழுக்காடு. இஎன் அதே மணி நேரத்துக்கு 1.5-ஆல் வகுக்கிறது. ஆனால் இஎன் 2,00,000 மணி நேரத் தரவு இருந்தால் 1.25-ஆல் வகுக்கச் சொல்கிறது. எந்த மணி நேரத்துக்கான தரவு என்று பார்க்காமல் எண்ணை எடுக்காதீர்கள்.

இஎன் பக்கம் தேறிய வெல்டட் குழாய் பி31.3 கணக்கில் விழுகிறது

நீளவாட்டுத் தையலின் தரக் காரணியைப் பாருங்கள். இஎன் 13480-இல் வெல்டிங் குணகம் சோதனையைப் பொறுத்து 1, 0.85, 0.7 என்று போகும். முழுச் சோதனை செய்த தையலுக்கு 1 வாங்கலாம். பி31.3-இல் மின்தடை வெல்டிங் குழாய்க்கு 0.85, கூடுதல் ரேடியோகிராபி எடுத்தாலும் அது உயராது. மேலே சொன்ன 40 பார் உதாரணத்தில் 3.17 என்பது 3.72 மில்லிமீட்டர் ஆகும். இதற்குப் பரிகாரம் தடிமனில்தான் இருக்கிறது, ஆவணத்தில் இல்லை.

"27 ஜூல் எங்கே?" என்று கேட்கிறார்கள்

ஐரோப்பிய ஆணையின் முதலாம் இணைப்பு, பிரிவு 7.5: எஃகின் நீட்சி 14 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, வி வெட்டுள்ள மாதிரியில் தாக்கு ஆற்றல் 27 ஜூலுக்குக் குறையக் கூடாது, சோதனை வெப்பநிலை 20 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது, எதிர்பார்க்கும் மிகக் குறைந்த இயக்க வெப்பநிலையைவிட அதிகமாகவும் இருக்கக் கூடாது. வேறு மதிப்புகளை எடுக்க ஆணை இடம் தருகிறது, ஆனால் ஏன் என்று நிறுவ வேண்டும்.

ஏ106 கிரேட் பி-க்குத் தாக்குச் சோதனையே கிடையாது. சான்றிதழில் அந்தக் கட்டம் காலியாக இருப்பது மில்லின் தவறல்ல. இன்னும் விசித்திரமானது ஏ333 கிரேட் 6. குறைந்த வெப்பநிலைக்கென்றே செய்த குழாய், −45 பாகையில் சோதித்தது, ஆனால் விவரக்குறிப்பு கேட்கும் குறைந்தபட்சச் சராசரி 18 ஜூல்தான். தாளில் பார்த்தால் அது 27-ஐ எட்டவில்லை. நடைமுறையில் இன்றைய மில்களில் வரும் மதிப்புகள் இதைவிடப் பல மடங்கு இருக்கும். எனவே விவரக்குறிப்பின் வரம்பைப் பார்த்துப் பயப்படாமல் அந்த ஹீட்டின் உண்மை மதிப்பைப் பாருங்கள். புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் ஆர்டரிலேயே 27 ஜூல் என்று எழுதிவிடுங்கள்.

மதிப்பு இல்லாதபோது, அதே ஹீட்டின் மீதத் துண்டில் சோதனை செய்யலாம். ஆய்வகத்துக்கு அனுப்பும்போது மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

முதலில் சுத்தியல் முனை. ஐஎஸ்ஓ 148-1-இல் 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள முனையும் உண்டு, 8 மில்லிமீட்டரும் உண்டு. இஎன் பொருள் தரங்கள் கேட்பது 2. ஏஎஸ்டிஎம் வழக்கம் 8. ஜூல் குறைவான இடத்தில் இரண்டும் ஒட்டியே வரும், உயர்ந்த இடத்தில் பிரியும். எதைக் கொண்டு சோதித்தது என்று அறிக்கையில் வந்தாக வேண்டும்.

இரண்டாவது, மாதிரியின் அளவு. மெல்லிய குழாயிலிருந்து 10 க்கு 10 மாதிரி வெட்ட முடியாது. 10 க்கு 7.5 மாதிரியில் 27 ஜூலுக்கு ஈடு சுமார் 20. 10 க்கு 5 மாதிரியில் சுமார் 14. சிறிய மாதிரியில் 21 ஜூல் வந்ததைப் பார்த்துப் பொருளையே ஒதுக்கிவைப்பதும் நடக்கிறது, பெரிய மாதிரியின் வரம்பை யாரும் கேட்காமல் விடுவதும் நடக்கிறது.

மூன்றாவது, வெப்பநிலை. இது லைன் பட்டியலில் உள்ள கீழ் வெப்பநிலையிலிருந்து வர வேண்டும், ஆய்வகத்தின் வழக்கத்திலிருந்து அல்ல.

எதிர்த் திசையில் வரும்போது பிழை வேறு மாதிரி. பி31.3-இல் ஏ106 கிரேட் பி-க்கு வளைவு பி (தடிமனுக்கேற்பக் கீழ் வெப்பநிலை வரம்பைத் தரும் வரைகோடுகளில் ஒன்று), 12.7 மில்லிமீட்டர் தடிமன் வரை −29 பாகைக்குத் தாக்குச் சோதனை இல்லாமலே போகலாம். அதைப் பார்த்துப் பழகியவர்கள் பி265ஜிஎச்-க்கும் −29 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வளைவுகள் பட்டியலில் உள்ள பொருள்களுக்கானவை. பட்டியலில் இல்லாத எஃகுக்கு −29 உரிமையாக வராது. ஆதாரம் தாக்குச் சோதனையிலிருந்து வர வேண்டும்.

"பொருளுக்கு சிஇ குறி இல்லை" அல்லது "சான்றிதழ் போதாது"

முதல் புகார் தவறான புகார். வெறும் குழாய் என்பது பொருள்தான்; அழுத்தக் கருவி அல்ல. அதன்மேல் இந்த ஆணையின் பேரில் சிஇ குறி வராது. குழாயமைப்பாகக் கட்டி முடித்த பிறகு, அதன் வகையைப் பொறுத்து, குறி வரும். விற்பவர் "இந்த ஆணைப்படி சான்று பெற்ற குழாய்" என்று சொன்னால் எந்தச் சான்று என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது மில்லின் தர முறைக்குக் கிடைத்த சான்றைத்தான்.

இரண்டாவது புகார் உண்மையாக இருக்கலாம். இஎன் 10204-இல் 2.2 என்பது அந்த மில் பொதுவாகத் தரும் முடிவுகள், உங்கள் ஹீட்டின் முடிவுகள் அல்ல. 3.1 என்பது உங்கள் பொருளையே சோதித்து, உற்பத்திப் பிரிவைச் சாராத மில் பிரதிநிதி கையெழுத்திட்டது. 3.2-இல் வாங்குபவரின் அல்லது அதிகாரபூர்வ ஆய்வாளரின் கையெழுத்தும் சேரும். அழுத்தம் தாங்கும் முக்கியப் பாகங்களுக்கு, ஆணையின் ஆபத்து வகைப்பாட்டில் இரண்டாம் வகையும் அதற்கு மேலும் என்றால், குறிப்பிட்ட பொருளைச் சோதித்த சான்றிதழ் வேண்டும். மில்லின் தர முறையை ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவப்பட்ட தகுதியுள்ள அமைப்பு மதிப்பிட்டிருந்தால் 3.1 போதும், இல்லையென்றால் 3.2-க்குப் போக நேரிடும். பழைய கோப்புகளில் 3.1.பி என்று பார்த்தால் பதற வேண்டாம்: 2004 பதிப்புக்கு முந்தைய பெயர் அது, இன்றைய 3.1-க்கு நேரானது.

இணக்கப்படுத்திய ஐரோப்பியத் தரத்தில் இல்லாத பொருளுக்கு இரண்டு வழி. ஒன்று, ஐரோப்பியப் பொருள் ஒப்புதல் வெளியாகியிருக்க வேண்டும். மற்றது தனிப்பொருள் மதிப்பீடு, பிஎம்ஏ என்று எல்லோரும் சொல்வது. ஏ106, ஏ105 போன்றவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில்தான் உள்ளே வருகின்றன.

பிஎம்ஏ-வை மில்லிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அது மில் தர வேண்டிய தாள் அல்ல. குழாயமைப்பைக் கட்டி, அதற்குப் பொறுப்பேற்கும் உற்பத்தியாளர் எழுத வேண்டியது. மூன்றாம் வகைக் குழாயமைப்பு என்றால் நோட்டிபைட் பாடி (ஆணைப்படி இணக்கத்தை மதிப்பிட அறிவிக்கப்பட்ட அமைப்பு) அதைத் தனியாகச் சரிபார்க்கும். அதில் வர வேண்டியது: எந்த விவரக்குறிப்பு, எந்த கிரேட், எந்தத் தடிமன் வரை, எந்த வெப்பநிலை வீச்சில், வடிவமைப்புக்கு எடுத்த யீல்டும் இழுவலிமையும் எங்கிருந்து வந்தன, தாக்கு ஆற்றல், வெல்டிங்குக்கும் வளைப்புக்கும் உள்ள கட்டுப்பாடு, ஆர்டரில் மில்லிடம் கூடுதலாகக் கேட்டவை. கடைசி வரி இல்லாத பிஎம்ஏ வெறும் ஒப்பீட்டு அட்டவணைதான். விவரக்குறிப்பின் இடைவெளிகளை ஆர்டர் நிபந்தனைகளால் அடைப்பதற்குத்தான் அந்தத் தாளே இருக்கிறது.

கார்பன் அதிகம் என்று திருப்பி அனுப்புகிறார்கள்

ஏ106 கிரேட் பி-யில் கார்பன் 0.30 வரை போகலாம். ஏ105 பிளாஞ்சில் 0.35 வரை. இஎன் 13480-2 வெல்டிங்குக்கான சாதாரண ஃபெரிட்டிக் எஃகில் 0.23-க்கு மேல் விரும்புவதில்லை. கையிருப்பில் உள்ள ஹீட்டின் கார்பன் 0.19 என்றால் பிரச்சினையே இல்லை, பிஎம்ஏ-வில் அதை வரம்பாக எழுதுங்கள். 0.27 என்றால் வெல்டிங் இல்லாத இடத்துக்கு அதை ஒதுக்குவது நடைமுறை வழி. வெல்டிங் முறையைத் தனியாக நிறுவிக் காட்டுவது சாத்தியம்தான், ஆனால் நான்கைந்து ஏ105 பிளாஞ்சுக்காக அந்தப் பாடு தேவையா என்று யோசியுங்கள். புதிதாக வாங்குவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

பொருள் தேறியது, ஆனால் ஒன்றோடு ஒன்று சேரவில்லை

தாளில் எல்லாம் முடிந்தபின் களத்தில் வரும் அறிகுறி இது. 60.3, 88.9, 114.3, 168.3 மில்லிமீட்டர் வெளிவிட்டங்கள் அமெரிக்க வழக்கிலும் ஐரோப்பிய வழக்கிலும் ஒன்றே. அதனால் எல்லாமே ஒன்று என்ற நம்பிக்கை வந்துவிடும். இரண்டரை அங்குலக் குழாய் அமெரிக்க வழக்கில் 73.0, ஐரோப்பிய வழக்கில் 76.1. ஐந்து அங்குலம் அமெரிக்க வழக்கில் 141.3, ஐரோப்பிய வழக்கில் 139.7. ஜப்பானியத் தரத்தில் 150ஏ என்பது 165.2, அதை 168.3-இன் எல்போவோடு முட்டவைத்து வெல்டிங் செய்தால் விளிம்பு ஒத்துவராது.

பிளாஞ்சில், 100 மில்லிமீட்டர் பெயரளவுக்கு அமெரிக்க 150 வகுப்பின் போல்ட் வட்டம் 190.5, ஐரோப்பிய பிஎன் 16-இல் 180. இரண்டிலும் எட்டுத் துளைதான், அதனால் தூரத்தில் நின்று பார்த்தால் பொருந்தும்போல் தெரியும். துளையை நீள்வட்டமாகக் குடைந்து சமாளிப்பதை யாராவது முன்மொழிந்தால் நிறுத்துங்கள். இடைத்துண்டு ஒன்றைப் போட்டு, இருபுறமும் அந்தந்தத் தரத்தின் பிளாஞ்சை வைத்து, இரண்டில் குறைந்த அழுத்த-வெப்ப வரம்பை லைனுக்கு எழுதுங்கள். பி16.5-இல் 150 வகுப்பு கார்பன் எஃகுக்கு 38 பாகையில் 19.6 பார், 316எல்-க்கு 15.9 பார் என்பதும் பலர் தவறவிடும் இடம். கார்பன் எஃகை 316எல்-ஆக மாற்றியதும் பிளாஞ்சின் வரம்பு இறங்குகிறது.

வெல்டிங் முறைத் தகுதி செல்லாது என்கிறார்கள்

ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவு பொருள்களை பி-நம்பரால் பிரிக்கிறது; ஐரோப்பிய வழக்கு ஐஎஸ்ஓ/டிஆர் 15608 குழுக்களால். ஏ106 கிரேட் பி அங்கே பி-நம்பர் 1, இங்கே கார்பனைப் பொறுத்து 1.1 அல்லது 11.1. 316எல் அங்கே 8, இங்கே 8.1. எண் ஒத்துப்போவது தற்செயல். கிரேட் 91 குழாய் அங்கே 15இ, இங்கே 6.4.

பி-நம்பர் ஒதுக்கப்படாத பொருளில் தகுதிச் சோதனை செய்தால், பொதுவாக அந்தத் தகுதி அந்தப் பொருளுக்கு மட்டும்தான் நிற்கும். அதனால் இஎன் எஃகை பி31.3 லைனில் வெல்டிங் செய்யும் முன், ஒன்பதாம் பிரிவின் அட்டவணையில் அதற்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுதிசையில், ஏஎஸ்எம்இ தகுதி அறிக்கையை ஐரோப்பிய வேலைக்குக் கொண்டுபோனால் குறைவது பெரும்பாலும் கடினத்தன்மை அளவீடும் தாக்குச் சோதனையும். ஐஎஸ்ஓ 15614-1-இன் 2017 பதிப்பில் இரண்டு நிலைகள் உள்ளன. முதல் நிலை ஒன்பதாம் பிரிவை ஒட்டியது. ஆனால் ஒப்பந்தம் எதையும் குறிப்பிடாவிட்டால் இரண்டாம் நிலைதான் பொருந்தும். சோதனைத் தகட்டின் மீதம் அடையாளத்தோடு இருந்தால் அதிலிருந்தே துண்டு வெட்டிக் கடினத்தன்மையும் தாக்கும் எடுத்துச் சேர்க்க முடியுமா என்று ஆய்வாளரிடம் கேட்கலாம். இரண்டாம் வகையும் அதற்கு மேலும் என்றால் முறைக்கும் வெல்டருக்கும் மூன்றாம் தரப்பின் ஒப்புதல் வேண்டும். அதைப் பின்தேதியிட்டு வாங்க முடியாது. எனவே இந்தக் கேள்வியை முதல் வெல்டுக்கு முன் முடியுங்கள்.

அழுத்தச் சோதனையில் யீல்டை நெருங்குகிறது

மேலே 170.8 தகைவில் வடிவமைத்த பி265ஜிஎச் குழாய்க்குத் திரும்புவோம். இஎன் வழியில் சோதனை அழுத்தம், அறை வெப்பநிலை லைனுக்கு, வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் 1.43 மடங்கு. சுவரில் தகைவு சுமார் 244 மெகாபாஸ்கல். யீல்டில் 92 விழுக்காடு. ஏற்கலாம். யாரோ பழக்கத்தில் பி31.3-இன் 1.5 மடங்கைப் போட்டால் 256. கிட்டத்தட்ட 97 விழுக்காடு. பி31.3-இன் 136.7-இல் வடிவமைத்திருந்தால் அதே 1.5 மடங்கு 205-இல் நின்றிருக்கும். தகைவு ஒரு தொகுப்பிலிருந்தும் சோதனை இன்னொன்றிலிருந்தும் வந்தால் நடப்பது இதுதான். உண்மைக் குழாயில் கூடுதல் தடிமன் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும், அதனாலேயே இந்தப் பிழை வெளியில் தெரியாமல் பல கோப்புகளில் தங்கியிருக்கும். எல்லை இணைப்பில், அதாவது ஸ்கிட்டும் ஆலை லைனும் சேரும் பிளாஞ்சில், இரு பக்கத்தையும் பிரித்துத் தனித்தனியே சோதியுங்கள்.

குழாய் இருக்கிறது, சான்றிதழ் இல்லை

கையடக்கக் கருவியால் உலோகக் கலவையைப் பார்த்துவிட்டு "316எல்தான்" என்று எழுதித் தருவார்கள். அந்தக் கருவி சொல்வது கலவையை மட்டும். எக்ஸ் கதிர் வகைக் கருவி கார்பனை அளப்பதே இல்லை. ஆகவே 316-க்கும் 316எல்-க்கும் உள்ள வேறுபாடே அதற்குத் தெரியாது. வெப்பச் சிகிச்சை, தாக்கு ஆற்றல், தயாரிப்பு முறை எதுவும் தெரியாது.

குழாயின் உடலில் முத்திரை இருந்தால் ஹீட் எண்ணைக் கொண்டு மில்லிடம் சான்றிதழின் மறுபிரதி கேட்கலாம். இது பல நேரம் கிடைத்துவிடும். முத்திரையும் அழிந்துவிட்டால், பி31.3-இன் 323.1.3 வளைந்து கொடுப்பதில்லை: விவரக்குறிப்பு தெரியாத பொருளை அழுத்தம் தாங்கும் பாகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. எஃகாக இருந்தால், அழுத்தப் பாகத்தோடு நேராக வெல்டிங் செய்யாத தாங்கிகளுக்கு அதை எடுக்கலாம். அங்கேயும் அனுமதித்த தகைவு 82 மெகாபாஸ்கலைத் தாண்டக் கூடாது, தாங்கியின் வெப்பநிலை −29 முதல் 343 பாகைக்குள் இருக்க வேண்டும். அப்படி ஒதுக்கும்போதே பெயின்ட் அடித்துக் குறியிட்டுத் தனி அடுக்கில் வையுங்கள். இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தின்போது யாராவது அதை எடுத்து லைனில் போட்டுவிடுவார்கள்.